தேம்ஸ் பார்ஜ், 1:24 அளவில்: ரேடியோவில் ஓடும் சரக்குப் பாய்மரப் படகு கட்டிய பதிவு

ரேடியோ கன்ட்ரோலில் ஓட்டப் பாய்மரப் படகு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் பந்தயப் படகுப் பக்கம்தான் போவார்கள். இரண்டே பாய், படகின் அடியில் ஆழமாக இறங்கும் கீல் என்ற தகடு, அதன் நுனியில் ஈயக் குண்டு. வேலையும் குறைவு, வேகமும் கிடைக்கும். நான் எடுத்துக்கொண்டது அதற்கு நேர் எதிரான ஒன்று. இங்கிலாந்தின் தேம்ஸ் முகத்துவாரத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பாய்மரப் பார்ஜ். அடிப்பகுதி பலகை போலத் தட்டை, கீல் கிடையாது, நாலு பாய் (முன்பாய், பெரிய பாய், அதற்கு மேலே மேல்பாய், பின்னால் சின்ன மிஸன்), பெரிய பாயின் குறுக்கே மூலைவாட்டில் நீளும் ஸ்பிரிட் என்ற கனத்த மரம், படகு பக்கவாட்டில் சறுக்காமலிருக்கப் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும் லீபோர்டுகள் என்ற பலகைகள். படத்தில் பார்த்தால் ரேடியோவுக்குத் துளியும் ஒத்துவராது என்றுதான் தோன்றும். ஆனால் ரேடியோவுக்கு இவ்வளவு பொருந்தும் பழைய படகு வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

காரணம் அசல் பார்ஜின் ஆள்கணக்கில் இருக்கிறது. 25 மீட்டர் நீளப் படகு, நூறு டன்னுக்கு மேல் சரக்கு. ஓட்டியவர்கள் ஒரு கேப்டன், ஒரு உதவியாள், சில சமயம் கூடவே ஒரு பையன். அவ்வளவுதான். செங்கல், சிமென்ட், தானியம், மேல்தளத்தில் அம்பாரமாக அடுக்கிய வைக்கோல் என்று லண்டனுக்குச் சுமந்த இந்தப் படகுகள் இரண்டு பேரை வைத்துக் கட்டுப்படியாக வேண்டியிருந்தது. அதனால் பாய் அமைப்பு முழுவதுமே குறைந்த கைகளுக்காகச் செதுக்கப்பட்டது. பெரிய பாயை இறக்கவே வேண்டாம். பிரெயில் கயிறுகளை இழுத்தால் பாய்மரத்தோடு சுருண்டு ஒட்டிக்கொள்ளும். முன்பாயின் கயிறும் பெரிய பாயின் கயிறும் மேல்தளத்தின் குறுக்கே போட்ட ஹார்ஸ் என்ற கம்பியில் தாமாகவே பக்கம் மாறும். பின்னால் உள்ள சின்ன மிஸன் பாயின் கயிறு சுக்கானிலேயே கட்டியிருக்கும். சுக்கான் திரும்பினால் மிஸனும் கூடவே திரும்பிப் பின்புறத்தைத் தள்ளிக்கொடுக்கும். 1906-ல் கட்டிய ‘கேம்பிரியா’ இப்படி எஞ்சின் இல்லாமல் வெறும் பாயிலேயே 1970 வரை சரக்கு ஏற்றியது. பாப் ராபர்ட்ஸ்தான் அதன் கடைசி வணிகக் கேப்டன். இரண்டு பேர் ஓட்டும்படி அமைத்த படகு என்றால் கரையில் நிற்கும் ஒருவரின் இரண்டு கட்டைவிரல்களுக்கும் அது அடங்கும். இந்த நம்பிக்கையில்தான் வேலையைத் தொடங்கினேன்.

அளவு 1:24. அசலில் 25 மீட்டர் நீளமும் 5.8 மீட்டர் அகலமும் இருந்தது, மாடலில் 1.04 மீட்டரும் 24 சென்டிமீட்டரும் ஆகிறது. ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்கலாம், பாய்மரத்தை மடக்கினால் காரின் பின்சீட்டில் கிடக்கும்.

மரத்தை அறுக்கும் முன் ஒரு கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்குதான் மாடல் மிதக்குமா கவிழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அளவை 24-ல் ஒன்றாகக் குறைத்தால் பாயின் பரப்பு 576-ல் ஒன்றாகிறது. எடை 13,824-ல் ஒன்றாகிறது. காற்று சாய்க்கும் விசைக்கும் படகு நிமிரும் விசைக்கும் உள்ள உறவைப் பார்த்தால், அதே காற்றில் மாடல் அசலைவிட 24 மடங்கு எளிதாகச் சாயும். இன்னொரு பக்கமாகவும் சொல்லலாம். காற்றின் வேகம் அளவின் வர்க்கமூலத்தில் மாறும். 24-இன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 4.9. நமக்கு முகத்தில் இதமாகப் படுகிற நொடிக்கு 5 மீட்டர் காற்று, இந்தப் படகுக்கு நொடிக்கு 24.5 மீட்டர். கடலில் அது புயல். அந்த வேளையில் எந்தப் பார்ஜ் கேப்டனும் நாலு பாயையும் விரித்து வைத்திருக்க மாட்டார். நாம் மட்டும் எல்லாவற்றையும் விரித்து ஓட்ட ஆசைப்படுகிறோம். ஆகவே தண்ணீருக்கு மேலே எவ்வளவு அசலாக இருந்தாலும், கீழே கூடுதலாக ஒன்றைச் சேர்த்தே தீர வேண்டும்.

உடல் கட்டுவது இந்தப் படகில் சுலபமான பகுதி. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் தனியாகக் கட்டுமானச் சட்டம் தேவைப்படாது. 3 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் அடிப்பலகையை வெட்டி, நேரான மேசைப் பலகையில் திருகி வைத்து, அதன் மேலேயே 4 மி.மீ. ப்ளைவுட் குறுக்குச் சட்டங்களை நிறுத்தினேன். அடியும் பக்கமும் சேரும் மூலை ஓரம் முழுக்க 8 மி.மீ. சதுரச் சட்டம். நடுப்பகுதியில் பக்கங்கள் கிட்டத்தட்ட நேர், 1.5 மி.மீ. ப்ளைவுட் தானாகப் படிந்தது. முன்பக்கத்தின் கடைசி 20 சென்டிமீட்டரில்தான் வளைவு சட்டென்று வரும். அந்தத் துண்டை மட்டும், வெளிப்புற இழை மேலிருந்து கீழாக ஓடும்படி தனியாக வெட்டிக்கொள்ள வேண்டும். இழை நீளவாக்கில் இருந்தால் எவ்வளவு ஊறவைத்தாலும் முரண்டுபிடிக்கும். செங்குத்தாக இருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறியதும் கைக்கு வளையும். வளைத்து, கிளாம்ப் போட்டு, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, அதன்பிறகு ஒட்டினால் மூட்டில் இழுவிசை இருக்காது. அதற்கு மேலே பலகை வரிசை தெரிவதற்காக மெல்லிய மரப்பட்டைகள். உள்ளே எபாக்சி பிசின் இரண்டு பூச்சு, வெளியே சதுர மீட்டருக்கு 80 கிராம் கண்ணாடி இழைத்துணி. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தளத்தில் பெரிய சரக்கு வாய் ஒன்று, சிறியது ஒன்று. உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் வழி பெரிய வாய்தான். படகு அரைச்சுமையில் மிதக்கும்போது தளம் தண்ணீரிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரம்கூட இருக்காது; 13 டிகிரி சாய்ந்தாலே தள ஓரம் நனையும். அசல் பார்ஜுகளும் முழுச்சுமையில் தளத்தை நனைத்துக்கொண்டேதான் போயின, அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாயைச் சுற்றிய விளிம்பு 15 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். மூடிக்கு உள்ளே மென்மையான ரப்பர் நுரைப் பட்டை ஓட வேண்டும். நாலு மூலையிலும் சிறு காந்தம் பதித்தேன். திருகு எதுவும் வெளியே தெரியாது, கவிழ்ந்தாலும் மூடி கழலாது.

இப்போது தண்ணீருக்குக் கீழே சேர்த்த பகுதி. அடியில் கழற்றி மாட்டும் ஃபின் (கீல் போன்ற தகடு) ஒன்று, அதன் கீழே ஈயம். 40 மி.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயில் 28 சென்டிமீட்டர் வெட்டி, ஈயச் சிறுகுண்டுகளை எபாக்சியில் குழைத்து நிரப்பினால் ஏறக்குறைய 2.5 கிலோ கிடைக்கும். ஈயத்தை உருக்கவே வேண்டாம். கையுறை போட்டால் போதும். குழாயின் இரண்டு முனையையும் மரத்தால் கூர்மையாக்கி ஒட்டியாயிற்று. அதிலிருந்து 5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பிகள் இரண்டு மேலே எழும்பி, படகின் உள்ளே அடியிலிருந்து தளம் வரை எபாக்சியில் பதித்த பித்தளைக் குழாய்கள் வழியாக ஏறி, சரக்கு வாய்க்கு அருகே நட்டில் முடிகின்றன. பித்தளைக் குழாய் தளம் வரை முழுதாகப் போவதால் ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே வர வழியில்லை. எடை முழுவதையும் தாங்குவது கம்பிகள்தான். அவற்றுக்கு நடுவே 8 மி.மீ. தெளிவான அக்ரிலிக் தகடு. காற்றில் அது பளிச்சென்று தெரியும். தண்ணீரில் இறங்கியதும் இரண்டின் ஒளி விலகலுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. தேம்ஸ் சேற்றில் உட்காரும்படி வடிவமைத்த படகுக்குக் கீல் வைத்துவிட்டோமே என்ற உறுத்தல் அதில் பாதி தீர்ந்துவிடும்.

தகட்டைப் பின்பக்கமாக வேண்டுமென்றே நாலு சென்டிமீட்டர் நீட்டி வெட்டியிருந்தேன். படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பினால் நீருக்கடியில் உள்ள பரப்பு பின்னால் கூட வேண்டும். காற்றைவிட்டு விலகினால் குறைய வேண்டும். கூட்டி ஒட்டுவது சிரமம், அறுத்துக் குறைப்பது சுலபம். ஓட்டிப் பார்த்து, அறுத்து, விளிம்பை உப்புத்தாளில் உருட்டி, மறுபடி ஓட்டி, சுக்கானில் விரல் லேசாக மட்டும் வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தேன். சுக்கானுக்கும் இதே வைத்தியம். அசல் அளவில் செய்த சுக்கான் மாடலின் வேகத்துக்குப் போதாது. அதன் கீழேயும் பின்னேயும் 2 மி.மீ. அக்ரிலிக் தகட்டை நீட்டினால் போதும்.

எடைக் கணக்கு இப்படி முடிந்தது: உடல் 2.6 கிலோ, பாய்மரமும் பாய்களும் 0.7, மின் சாமான்கள் பேட்டரியோடு 0.8, ஃபின் 2.7, அடிப்பலகை மேல் பரப்பிய ஈயத் தகடு 4.2. மொத்தம் 11 கிலோ. உள்ஈயத்தை ஒட்டும் முன் பெரிய தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, இடம் உறுதியான பிறகே எபாக்சி போடுவது நல்லது.

லீபோர்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், படகின் முகமே அவைதான். விசிறி வடிவம், 23 சென்டிமீட்டர் நீளம், மூன்று அடுக்கு மரம். அசலில் ஓக் பலகைக்கு இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள், அது கனத்தில் தானாக மூழ்கும். நம் மரம் தண்ணீரில் மிதக்கும். இறக்கினாலும் பக்கவாட்டில் எழும்பி நிற்கும். கீழ் விளிம்புக்கு அருகே மூன்று துளை போட்டு ஈயக் குண்டுகளை அடைத்து, மேலே மெழுகிப் பூசி, வர்ணம் அடித்தேன். இப்போது கயிற்றை விட்டதும் தொப்பென்று இறங்குகிறது. ஒரே சர்வோவின் (ரேடியோ சொல்லும் அளவுக்குத் திரும்பும் சிறு மோட்டார்) கையில் இரண்டு பலகையின் கயிறும் எதிரெதிராகக் கட்டியிருப்பதால் ஒரு பக்கம் இறங்கும்போது மறுபக்கம் ஏறும். காற்று ஒதுங்கும் பக்கத்துப் பலகை தண்ணீர் அழுத்தத்தில் உடலோடு ஒட்டி நிற்கும். காற்று அடிக்கும் பக்கத்துப் பலகையை இறக்கி வைத்தால் வெளியே விரிந்து தொங்கவிட்ட இடத்தையே பிடுங்கப் பார்க்கும். ஃபின் இருக்கும்போது பலகைகள் இல்லாமலும் படகு ஓடும்தான். ஆனால் பலகை இறங்கியதும் பக்கவாட்டுச் சறுக்கல் குறைவதை விரலிலேயே உணரலாம். பக்கம் மாற்றும்போது அதை ஏற்றி இறக்குவது எனக்கு இந்தப் படகின் மிகப் பெரிய சந்தோஷம்.

பாய்மரம் தளத்தில் உள்ள ஒரு பெட்டிக்குள் அச்சாணியில் நிற்கிறது. லண்டனின் பாலங்களுக்கு அடியில் போக, அசல் பார்ஜ்கள் முன்கயிற்றைத் தளர்த்திப் பாய்மரம், ஸ்பிரிட், மேல்பாய் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகப் பின்னால் சாய்த்துவிடும். மாடலுக்கு இது வரம். ஒரு கொக்கியைக் கழற்றினால் ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள அமைப்பு அப்படியே மடங்கிப் படுக்கும். கரையில் மறுபடி நிமிர்த்தி மாட்டினால் கயிறுகளைச் சரிசெய்யும் வேலையே இல்லை. பக்கக் கயிறுகளின் அடிக்கட்டு அச்சாணிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். முன்னால் இருந்தால் சாய்க்கும்போது இறுகிப் பாய்மரத்தை முறிக்கும்.

ஸ்பிரிட் 76 சென்டிமீட்டர். சதுரச் சட்டத்தை எண்கோணமாக இழைத்து, பிறகு உருட்டி, நடுவில் 11 மி.மீ., முனைகளில் 7 மி.மீ. ஆக்கினேன். மேலே நிற்கும் டாப்மாஸ்டை மட்டும் கார்பன் குழாயில் செய்து, மரநிறம் பூசி, மெல்லிய கோடுகள் இழுத்திருக்கிறேன். அத்தனை உயரத்தில் குறையும் ஒவ்வொரு கிராமும் கீழே பல மடங்கு ஈயத்துக்குச் சமம். ஸ்பிரிட்டின் மேல்முனையிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் வேங் கயிறுகளின் அடியில் மெல்லிய எலாஸ்டிக் சேர்த்தேன். ஸ்பிரிட் காற்றோடு போகும்போது ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் தொய்யும். எலாஸ்டிக் அந்தத் தொய்வை விழுங்கிவிடுகிறது. இல்லாவிட்டால் தொங்கும் கயிறு எதிலாவது போய்ச் சிக்கும்.

பெரிய பாய்க்கு உருளை வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார். 38 மி.மீ. உருளை ஒரு சுற்றுக்கு 12 சென்டிமீட்டர் இழுக்கும். கயிறு தளத்தின் நடுக்கோட்டில் 15 மி.மீ. உயரமுள்ள சிறு குழாய் வழியாக வெளியே வந்து, ஹார்ஸில் ஓடும் வளையத்தினூடே போய், பாயின் மூலையைப் பிடிக்கிறது. வளையம் பக்கம் மாறுவதற்கு எந்தச் சர்வோவும் வேண்டாம், காற்றே மாற்றிவிடும். ஹார்ஸ் கம்பியைப் பளபளவென்று தேய்த்து மெழுகு தடவுங்கள். இலேசான காற்றில் வளையம் நடுவில் தயங்கி நின்றால் பாயின் வடிவமே கெட்டுப்போகும்.

முன்பாயின் ஹார்ஸில்தான் எனக்குப் பிடித்த ஏற்பாடு இருக்கிறது. கனமான பார்ஜைக் காற்றுக்கு எதிராகத் திருப்பும்போது, முன்பகுதி நேராகக் காற்றைப் பார்த்த நிலையில் வேகம் செத்துச் சிக்கிக்கொள்ளும். அசல் படகில் உதவியாள் முன்பாயின் மூலையை ஒரு குட்டைக் கயிற்றால் பக்கக் கயிற்றோடு பிடித்துக்கட்டி வைப்பார். பாய் பின்புறமாகக் காற்று வாங்கி, முன்பகுதியை மறுபக்கம் தள்ளும்; திரும்பியது என்று தெரிந்ததும் கேப்டன் குரல் கொடுப்பார், கயிறு விடப்படும். மாடலில் இதைச் செய்ய, ஹார்ஸ் வளையத்தின் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய நூல், தளத்துக்கு அடியில் ஒரு சிறு சர்வோ. டிரான்ஸ்மிட்டரின் இடது குச்சியைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் வளையம் அந்தப் பக்கமே நிற்கும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் குச்சியை நடுவுக்குக் கொண்டுவரும், வளையம் விடுபட்டு ஓடும். அந்த உதவியாளின் கையை அப்படியே விரலுக்கு மாற்றிய மாதிரி இருக்கிறது. இதில்லாமல் ஓட்டினால் இலேசான காற்றில் திருப்பங்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. இதோடு ஓட்டினால் நின்று, யோசித்து, கம்பீரமாகத் திரும்புகிறது.

பாய்த்துணியில் பளபளக்கும் நைலான் வேண்டாம். நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தியைச் செங்கல் நிறத்தில் சாயம் தோய்த்தேன். அசலில் செங்காவியும் எண்ணெயும் கலந்து பூசிய நிறம் அது. துணி தண்ணீர் குடிக்காமலிருக்க நீர்விலக்குத் தெளிப்பு. பின்விளிம்புக்கு இணையாக 25 மி.மீ. இடைவெளியில் தையல் கோடு. அசலின் இரண்டடி அகலத் துணிப்பட்டைகள் இந்த அளவில் அப்படித்தான் வரும். சுற்றிலும் ஓரக்கயிறு கையால் தைத்தது.

மின் சாமான்களில் சொல்ல அதிகமில்லை. ஆறு சேனல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, ஐந்து செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 6 வோல்ட். ரிசீவரின் ஆன்டெனா தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தளத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும்; இந்த அலைவரிசை தண்ணீருக்குள் போகாது. சிக்னல் போனால் பெரிய பாய்க்கயிறு தானாகத் தளரும்படி ஃபெயில்சேஃப் அமைத்துவிடுங்கள்.

தண்ணீரில் நடந்தது கணக்குப்படியே இருந்தது. நொடிக்கு 3 மீட்டர் காற்றில் நாலு பாயும் விரித்து, சாய்வு பத்து டிகிரிக்குள், முன்னால் சின்ன நுரையோடு போகிறது. 5 மீட்டரில் 20 டிகிரிக்குச் சாய்ந்து தள ஓரம் முழுக்க நனைகிறது. அங்கே ஒன்று கவனிக்க வேண்டும். அசல் கேப்டன்கள் ஆற்றில் காற்று கூடினால் பெரிய பாயைச் சுருட்டிவிட்டு மேல்பாயையும் முன்பாயையும் வைத்தே ஓட்டுவார்கள். கிடங்குகளும் மரங்களும் கீழே மறைத்தாலும் உயரத்தில் காற்று கிடைக்கும். மாடலில் அந்த உயரமே பகை. கரைக்குக் கொண்டுவந்து முதலில் மேல்பாயைத்தான் கழற்றுகிறேன். கழற்றியதும் சாய்வு பாதியாகக் குறைகிறது, வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. வேகத்தை எதிர்பார்த்து இதைக் கட்டக் கூடாது. ஆனால் 11 கிலோ நகரத் தொடங்கினால் அதன் நடை பந்தயப் படகில் கிடைக்காதது. காற்று விட்டுவிட்டு வீசினாலும் தடுமாறாமல், தன் கனத்திலேயே அடுத்த வீச்சுவரை போய்ச் சேர்கிறது.

இப்போது கையில் இருக்கும் வேலை பிரெயில். பெரிய பாயைத் தண்ணீரிலேயே சுருட்ட வேண்டும். பின்விளிம்பின் நடுவில் கட்டிய கயிறு பாயின் இரண்டு முகத்திலும் ஓடி, பாய்மரத்தில் உள்ள வளையங்கள் வழியே இறங்கி, இரண்டாவது உருளை வின்சில் சேரும். அரை மீட்டர் இழுக்க வேண்டியிருக்கிறது. அதே நேரம் பாய்க்கயிறு அதே அளவு தளர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வின்சும் ஒன்றையொன்று இழுத்துப் பேட்டரியைத் தின்றுவிடும். டிரான்ஸ்மிட்டரில் இரண்டு சேனலையும் ஒரே சுவிட்சில் எதிர்த்திசையில் மிக்ஸ் செய்து, சுவிட்ச் மாறியதும் வின்ச் மெதுவாகச் சுற்றும்படி வேகத்தைக் குறைத்திருக்கிறேன். மேசையில் பாய் ஒழுங்காகச் சுருள்கிறது. விரியும்போது மட்டும் கீழ்மூலை ஸ்பிரிட்டின் அடியில் மாட்டுகிறது. அந்த மூலையில் ஒரு சிறு ஈயத் துண்டைத் தைத்துப் பார்க்கப் போகிறேன்.